கறை படியாத எண்ணெய்

நாகஜோதி பனியன் கம்பெனிகளில் பதினோரு வருடம் செக்கிங் பார்த்தவள். டியூப் லைட்டுக்குக் கீழே நீளமான மேஜை. ஒரு பக்கம் தைத்த பனியன்கள் மலையாகக் குவியும். தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை விழுந்திருக்கிறதா, கறை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விரித்துப் புரட்டிப் பார்த்து மறுபக்கம் அடுக்க வேண்டும். ஓட்டையைக்கூடச் சரிசெய்துவிடலாம். மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தெறித்தால்தான் வம்பு. அன்றைக்குக் கண்ணில் படாது. பெட்டியில் அடுக்கிக் கப்பலேறிய பிறகு மஞ்சளாக எழும்பும். மற்றப் பெண்கள் தவறவிடும் கறையை நாகஜோதி பிடித்துவிடுவாள். துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்காமல் கொஞ்சம் சாய்த்துப் பிடிப்பாள். அவ்வளவுதான் அவள் வித்தை. அவள் தொட்ட பீஸை மறுபடி பார்க்க வேண்டியதில்லை என்று சூப்பர்வைசர் ஒருமுறை எல்லோர் முன்னாலும் சொன்னார். அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து லைன் வீட்டில் குடியேறியவளுக்கு இந்த ஊர் கொடுத்த ஒரே பட்டம் அது.

பஞ்சுத் தூசி மூச்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாயிரத்து நாலாம் வருடம் மழைக்காலம் முழுவதும் இருமியே கழிந்தது. அவள் கணவன் ராக்கையா ஓவர்லாக் டெய்லர். அவன்தான் யாரையோ பிடித்து, அவிநாசி ரோட்டில் மயில்சாமியின் கண்ணாடிக் கடையில் ஸ்டோர் பார்க்கும் வேலைக்கு அவளைச் சேர்த்துவிட்டான். அப்போது ஊரில் யார் கம்பெனி கட்டினாலும் ஆபீஸ் முகப்பு முழுக்கக் கண்ணாடி வேண்டும் என்றார்கள். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் கார் கதவைத் திறந்ததும் தங்கள் முகத்தையே பார்க்க வேண்டுமாம். மயில்சாமிக்கு ஓய்வில்லாத வேலை.

ஸ்டோரில் அலுமினியச் சட்டம், ஸ்க்ரூ, சிலிகான் பசை, கிரைண்டர் எல்லாம் அவள் பொறுப்பு. ஆனாலும் அவள் அதிகம் கவனித்துக்கொண்டது வேக்கம் கப்புகளைத்தான். பெரிய கண்ணாடியை விளிம்பைப் பிடித்துத் தூக்க முடியாது, கை போய்விடும். அதற்காகவே வந்த சாமான் அது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு ரப்பர் வட்டம், முதுகில் கைப்பிடி, கைப்பிடியின் முனையில் கட்டைவிரலால் அமுக்கும் சின்னப் பம்ப். ரப்பரைக் கண்ணாடிமேல் வைத்து ஏழெட்டுத் தடவை அமுக்கினால் உள்ளிருக்கும் காற்றெல்லாம் வெளியேறி, கப்பு கண்ணாடியைக் கவ்விக்கொள்ளும். பம்பின் தண்டில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. காற்று உள்ளே கசிந்தால் தண்டு மெல்ல வெளியே வரும், கோடு தெரியும். கோடு தெரிந்தால் மறுபடி அமுக்க வேண்டும். தெரியாதவரை நம்பித் தூக்கலாம். கண்ணாடி மாட்டுகிறவன் தன் கண்ணை வைத்திருப்பது அந்தக் கோட்டின்மேல்தான்.

கப்பு வருடக்கணக்கில் உழைக்கும். ரப்பர் உழைக்காது. ஓரம் கிழியும், மண் துகள் கீறும், வெயிலில் விறைக்கும். அதை மட்டும் கழற்றிவிட்டு வேறு மாட்டிக்கொள்ளலாம். மாத்து ரப்பர் என்று பெயர். பெங்களூரிலிருந்து கோயம்புத்தூர் வழியாக வரும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் மடித்த தாள் ஒன்று, முழுக்க ஆங்கிலத்தில். நாகஜோதி எட்டாவது வரை தமிழில் படித்தவள். அதனால் படங்களை மட்டும் பார்ப்பாள். சோப்புத் தண்ணீரில் கழுவும் படம். வெயிலில் வைக்கக் கூடாது என்ற படம். எண்ணெய்க் கேன் ஒன்றை வரைந்து அதன்மேல் குறுக்கே அடித்த படம். எண்ணெய் படக் கூடாது, நியாயந்தானே என்று நினைத்துக்கொள்வாள். எண்ணெயின் குணம் அவளுக்குத் தெரியாததா.

தினமும் சாயங்காலம் வேலை முடிந்து கப்புகள் வந்ததும் ரப்பரைக் கழுவித் துடைத்து, வாய் கீழே படாமல் மர அலமாரியில் அடுக்கி வைப்பாள். கண்ணாடி மாட்டும் பிட்டர் ஆரோக்கியராஜ் அதைப் பார்த்துச் சிரிப்பான். ஓட்டப்பிடாரம் பக்கத்துக்காரன்; முப்பது வயதுக்குள் அந்தக் கடையின் முதல் கையாக ஆகிவிட்டவன்.

"யக்கா, இன்னும் பவுடர் போட்டுப் பொட்டு வைக்கதுதான் பாக்கி. அதையும் செஞ்சிருங்க."

"நீ கண்ணாடியில ஒட்டும்போது ஒழுங்கா ஒட்டணும்ல, அதுக்குத்தான்."

"ஒட்டும், ஒட்டும். நீங்க துடைச்சது ஒட்டாம எங்க போவும்."

இரண்டாயிரத்து ஆறாம் வருடம் ஏப்ரலில் வெயில் கடுமை. அலமாரி இருந்த இடம் தகரக் கூரைக்கு நேர் கீழே. இரண்டு கப்புகளில் மாட்டியிருந்த ரப்பர்கள் விறைத்து, மேலே வெள்ளையாகப் பூத்துக் கிடந்தன. மாற்றுவதற்கு வேறு கையிருப்பில் இல்லை. பெங்களூரிலிருந்து வர வேண்டியது வரவில்லை. மயில்சாமியிடம் சொன்னாள்.

"இன்னம் ஒரு வாரம் ஓட்டிக்குங்க அம்மிணி. போன் பண்ணிக்கிட்டேதான் இருக்கறனுங்க" என்றார் அவர்.

ஓட்டுவது எப்படி என்று யோசித்தபோதுதான் ராக்கையாவின் மெஷின் அவள் நினைவுக்கு வந்தது. அவன் வேலை செய்யும் இடத்தில் ஜட்டிக்கு எலாஸ்டிக் வைத்துத் தைப்பார்கள். எலாஸ்டிக் இழுத்துக்கொண்டு நின்றாலோ, நூல் அறுந்தாலோ, சிலிகான் ஆயில் ஒரு சொட்டு விடுவார்கள். தண்ணீர்போல இருக்கும். விட்டதும் மெஷின் ஓட ஆரம்பித்துவிடும். எவ்வளவு விட்டாலும் துணியில் அடையாளமே இருக்காது. செக்கிங் மேஜையில் அத்தனை வருடத்தில் சிலிகான் ஆயில் கறை என்று ஒரு பீஸைக்கூட அவள் தள்ளியதில்லை.

வீட்டில் அவன் வைத்திருந்த தையல் மெஷின் ஓரம் அரைப் பாட்டில் இருந்தது. மறுநாள் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுவந்தாள். இரண்டு ரப்பருக்கும் இரண்டிரண்டு சொட்டு விட்டு விரலால் தேய்த்தாள். வெள்ளைப் பூ மறைந்தது. விறைப்பு தளர்ந்து, அப்போதுதான் பாக்கெட்டிலிருந்து எடுத்ததுபோல ரப்பர் கருகருவென்று மின்னியது. அப்போதும் அவள் சும்மா விடவில்லை. வெள்ளைப் பனியன் வேஸ்ட்டை எடுத்து அழுத்தித் துடைத்து, அந்தத் துணியை வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள். ஒரு பொட்டுக் கறை இல்லை. கறை படியவில்லை என்றால் அது எண்ணெய் இல்லை. செக்கிங்காரியின் கணக்கு அது. அவளுக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

ஞாயிறு விடுமுறை முடிந்து காலையில் கப்பை எடுத்துப் பார்த்த ஆரோக்கியராஜின் முகம் மலர்ந்தது.

"யக்கா, புதுசு வந்திட்டா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பழையதைத்தான் சரி பண்ணினேன் என்று சொல்வதில்கூட அவளுக்குப் பெருமைதான். ஆனால் அதற்கு அடுத்து எப்படி என்று கேட்பான், வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவந்த கதையைச் சொல்ல வேண்டும், வேன் வேறு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"ஆமா" என்றாள்.

அது திங்கட்கிழமை. பகல் பதினொன்றரைக்குக் கடைக்குப் போன் வந்தது.

ஒரு கம்பெனியின் வாசல் முகப்புக்கு ஏழடி உயரக் கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தார்கள். உடைந்தால் தூளாகிப்போகிற பதப்படுத்திய கண்ணாடி இல்லை, சாதாக் கண்ணாடி. செங்குத்தாக நிறுத்தி, ஆரோக்கியராஜ் ஒரு பக்கம், திருமூர்த்தி ஒரு பக்கம், ஆளுக்கொரு கப்பைப் பிடித்துத் தூக்கிச் சட்டத்தில் இறக்க வேண்டியது. ஒரு சாண் தூக்கியிருப்பார்கள். ஆரோக்கியராஜின் பக்கம் கண்ணாடி திடீரென்று கீழே இறங்கியது. அடிமுனை கிரானைட் படியில் மோதிப் பிளந்தது. கத்திபோல ஒரு துண்டு சரிந்து திருமூர்த்தியின் குதிகாலுக்கு மேலே பாய்ந்தது. நரம்பு அறுந்துவிட்டது. ஆபரேஷன் செய்து கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது. அதன் பிறகும் பழைய நடை வருமா என்பதை அப்புறம்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். திருமூர்த்திக்கு வயது இருபத்தாறு. கல்யாணமாகி ஒரு வருடம்.

செவ்வாய்க்கிழமை காலை, ஆரோக்கியராஜ் மயில்சாமியின் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். சட்டையில் காய்ந்த ரத்தம் அப்படியே இருந்தது. ஸ்டோர் கதவோரம் நாகஜோதி நின்றாள்.

"கோடு தெரிஞ்சுதா, தெரியலையா? அதை மட்டும் சொல்லு."

"தெரியல அண்ணாச்சி. தூக்கறதுக்கு முந்தி பாத்தேன். தூக்கும்போதும் பாத்தேன்."

"கோடு தெரியாம கப்பு எப்படிப்பா உடும்?"

"கழலல அண்ணாச்சி. ஒட்டினபடியேதான் இருந்துச்சு. வழுக்குச்சு."

"வழுக்கறதுக்கு அங்கென்ன பாசியா புடிச்சுக் கெடந்துச்சு? பராக்குப் பாத்துட்டு நின்னுப்போட்டு வழுக்குச்சுங்கற. ஒருத்தன் காலு போச்சு." மயில்சாமி கதவுப் பக்கம் திரும்பினார். "ஏனுங்க அம்மிணி, ரப்பர் சுத்தமாத்தானுங்க இருந்துச்சு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் ஆரோக்கியராஜே பதில் சொன்னான். "ரப்பர் புதுசு அண்ணாச்சி. அக்கா மேல ஒண்ணும் சொல்லாதிய."

நாகஜோதி தலையை ஆட்டினாள். எதற்கு ஆட்டினாள் என்று பிறகு எத்தனையோ தடவை தன்னையே கேட்டுக்கொண்டாள். அந்த நேரத்தில் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது உண்மை. ஆனால் வழுக்குச்சு என்ற சொல் காதில் விழுந்தவுடன் கண் தானாக அலமாரிப் பக்கம் போனது என்பதும் உண்மை.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபின், ஆரோக்கியராஜ் பிடித்திருந்த கப்பை எடுத்துக்கொண்டு குடோனுக்குப் போனாள். சுவரில் சாய்த்து வைத்திருந்த ஆளுயரக் கண்ணாடி ஒன்றில் வைத்து அமுக்கினாள். கப்பு கவ்விக்கொண்டது. நேராகத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. பிறகு கைப்பிடியைப் பிடித்துக் கீழ்நோக்கித் தொங்கினாள். கப்பு கண்ணாடியை விடாமலே, சாய்த்த தட்டில் மாவு நகர்வதுபோல, சத்தமில்லாமல் ஒரு சாண் கீழே இறங்கியது. பம்பைப் பார்த்தாள். சிவப்புக் கோடு தெரியவில்லை.

இன்னொரு தடவை செய்தாள். இன்னொரு தடவை. அவன் சொன்னது சொன்னபடி நடந்தது. கண்ணாடியில் கப்பு நகர்ந்து வந்த பாதையைச் சாய்ந்து பார்த்தாள். வெளிச்சம் பட்டபோது ஒரு பளபளப்பு, மூச்சு விட்டால் படிகிற ஆவிபோல. துணியில் தெரியாத கறை கண்ணாடியில் தெரிந்தது.

அவள் செய்த முதல் காரியம் கண்ணாடியைத் துடைத்தது. இரண்டாவது காரியம், எண்ணெய் தடவிய இரண்டு கப்பிலிருந்தும் ரப்பரைக் கழற்றிப் பழைய ரப்பர் போடும் பெட்டியின் அடியில் செருகியது. மூன்றாவதாக ஏதாவது செய்திருக்க வேண்டும். கடை வாசலில் மயில்சாமி பல் குத்திக்கொண்டு நின்றார். அவரிடம் போக இருபது அடி. நாளைக்குச் சொல்லலாம், இன்று அவர் கோபமாக இருக்கிறார் என்று நினைத்தாள். மறுநாள் அவர் கோபமாக இல்லை. அன்றைக்கு வேறொரு காரணம் கிடைத்தது.

ஆரோக்கியராஜைக் கண்ணாடி தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அலுமினியம் அறுப்பதும் வேனில் சாமான் ஏற்றுவதும் அவன் வேலையாயிற்று. அவனிடம் வேலை கற்றவர்கள் மீதமிருந்த கப்புகளை எடுத்துக்கொண்டு அவனைத் தாண்டிப் போனார்கள். "அண்ணே, கோடு தெரியுதான்னு பாத்துச் சொல்லுங்க" என்று ஒருவன் கப்பை நீட்டினான். மற்றவர்கள் சிரித்தார்கள். ஆரோக்கியராஜும் சிரித்துவைத்தான். ஸ்டோருக்குள் நாகஜோதி ஸ்க்ரூக்களை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை மூன்று தடவை தப்பியது.

ராக்கையா ஒருநாள், "அந்தச் சிலிகான் பாட்டில் எங்க வச்ச?" என்று கேட்டான்.

"கொட்டிப்போச்சு."

"அரைப் பாட்டிலுமா?"

"ஆமா, அரைப் பாட்டிலும்."

பொய் சொல்வது இவ்வளவு எளிது என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

திருமூர்த்தியின் வீடு அனுப்பர்பாளையத்தில், பாத்திரப் பட்டறைகள் இருக்கும் சந்தில். பகல் முழுக்கத் தட்டுகிற சத்தம். அவன் மனைவி சத்யப்பிரியா ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் பார்ப்பவள். கணவனைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டிருந்தாள். வியாழக்கிழமையிலிருந்து நாகஜோதி காலையில் அரை மணி முன்னதாகக் கிளம்பி அவர்கள் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். ஒருநாள் கருவாட்டுக் குழம்பு, ஒருநாள் ஆட்டுக்கால் சூப்பு, எலும்புக்கு நல்லது என்று. நரம்புக்குத்தான் அடி, எலும்புக்கு ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஏதாவது கொதித்துக்கொண்டிருந்தால்தான் விடியற்காலையில் அவளால் அடுப்படியில் நிற்க முடிந்தது.

"எதுக்குங்கக்கா உங்களுக்குச் செரமம்?" என்பாள் சத்யப்பிரியா.

"இதுல என்ன இருக்கு."

"கூடப் பொறந்தவிய ஒருக்கா வந்து எட்டிப் பாத்துட்டுப் போனாங்க. நீங்க தெனமும் வர்றீங்க."

கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருக்கும் திருமூர்த்தி, "அக்கா குழம்புக்காகவே இன்னொரு காலையும் ஒடச்சுக்கலாம் போல இருக்குதுங்க" என்பான். சத்யப்பிரியா அவன் தோளில் ஓர் அடி வைப்பாள். நாகஜோதி பாத்திரத்தைக் காலி செய்துகொண்டு எழுந்துவிடுவாள். அந்த வீட்டில் அவளைப் பற்றிச் சொல்லப்பட்ட நல்ல வார்த்தை ஒவ்வொன்றும் சந்து முனை வரை கூடவே வரும்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, வழக்கம்போல் காலையில் போனபோது, ஆரோக்கியராஜ் அங்கே உட்கார்ந்திருந்தான். கையில் டீ. குடிக்காமல் டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"தம்பி, உங்கிட்ட நேர்ல சொல்லணும்னுதான் வந்தேன். கோடு தெரிஞ்சுதான் இருக்கும். நாந்தான் பாக்காம விட்டுட்டேன்" என்றான்.

திருமூர்த்தி கூரையைப் பார்த்தான். "உடுங்கண்ணா. வேணும்னேவா பண்ணீங்க?" என்றான். ஆனால் அவன் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. சத்யப்பிரியா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஆரோக்கியராஜ் டீயைக் குடித்து முடித்தானா என்றுகூடப் பார்க்கவில்லை.

சந்தில் நடக்கும்போது நாகஜோதி கேட்டாள். "நீ பாத்தேன்னுதான அன்னைக்குச் சொன்ன?"

"பாத்தேன்னுதான் நினைச்சேன் யக்கா. எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே தெரியல. இப்ப கண்ண மூடினா கோடு தெரியுது. செவசெவன்னு தெரியுது. அப்ப அன்னைக்கும் தெரிஞ்சிருக்கும்லா?"

அவள் காலிப் பாத்திரத்தைக் கை மாற்றிக்கொண்டாள்.

"திங்கக்கிழமை ஊருக்குப் போறேன். கோவில்பட்டியில லோடு ஏத்தற வேலை இருக்காம், மச்சான் சொன்னான். இனிமே கண்ணாடி வேண்டாம் யக்கா. என் கண்ண நானே நம்பலைன்னா, எவன் என்கூட அந்தப் பக்கம் நின்னு தூக்குவான்?"

பன்னிரண்டு வருடம் அந்தக் கையில் இருந்த வேலை. அதை அவன் சட்டையிலிருந்து தூசியைத் தட்டுவதுபோலச் சொன்னான். அன்று முழுக்க நாகஜோதி ஸ்டோரில் உட்கார்ந்து, சொல்ல வேண்டிய வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தாள். எந்த வரிசையில் அடுக்கினாலும் அவளுக்குச் சாதகமாகவே வந்தது. வெயில் அதிகம், ரப்பர் வரவில்லை, முதலாளிதான் ஓட்டச் சொன்னார், தாள் ஆங்கிலத்தில் இருந்தது. எல்லாம் உண்மைதான். அதனாலேயே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை காலை ஆரோக்கியராஜ் சொல்லிக்கொண்டு போக மயில்சாமியிடம் வந்தான். நாகஜோதி பழைய ரப்பர் பெட்டியைக் கவிழ்த்து, அடியிலிருந்த அந்த ரப்பரை எடுத்துக் கப்பில் மாட்டினாள். கடையின் முன்பக்கம், வாடிக்கையாளர் பார்ப்பதற்காக நிறுத்தி வைத்திருந்த பெரிய கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, ஒரு நிமிஷம் இங்க வாங்க. ஆரோக்கியம், நீயும் வா."

கப்பை வைத்து எட்டுத் தடவை அமுக்கினாள். "கோடு தெரியுதா?"

"இல்லீங்க" என்றார் மயில்சாமி, எதற்கு என்று புரியாமல்.

"இழுத்துப் பாருங்க."

அவர் இழுத்தார். வரவில்லை. பிறகு அவள் கைப்பிடியைப் பிடித்துத் தன் பாரத்தைக் கீழே கொடுத்தாள். கப்பு சறுக்கிக்கொண்டு இறங்கியது. அவள் கையை எடுத்துவிட்டுத் தள்ளி நின்றாள். கப்பு கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது, சிவப்புக் கோட்டை உள்ளே மறைத்துக்கொண்டு.

"ரப்பர் புதுசு இல்ல. பழசுக்கு நான் சிலிகான் ஆயில் தடவினேன். புதுசான்னு கேட்டதுக்கு ஆமான்னு சொன்னேன். வழுக்கினது அதனாலதான். அவன் மேல தப்பு இல்ல."

அடுக்கி வைத்திருந்த காரணங்களில் ஒன்றும் அவள் வாயில் வரவில்லை.

மயில்சாமி கப்பைக் கழற்றித் தானே ஒட்டித் தானே தொங்கிப் பார்த்தார். இரண்டாவது தடவையும் பார்த்தார். விரலால் ரப்பரைத் தடவி, கட்டைவிரலோடு தேய்த்து முகர்ந்தார். பிறகு ஆரோக்கியராஜைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். "பாசியான்னு கேட்டனே" என்று முணுமுணுத்தார்.

ஆரோக்கியராஜ் அசையவில்லை. "இது எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"மறுநாளே. மத்தியானம்."

"செவ்வாக்கிழமையா?"

"ஆமா."

"பதினோரு நாளு." அவன் குரல் உயரவில்லை. "எம்பொஞ்சாதிகிட்ட என் தப்புன்னு சொன்னேன். போன ஞாயித்துக்கிழமை கோயில்ல சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணினேன். செய்யாத பாவத்தச் சொல்லி மன்னிப்பு வாங்கிட்டு வந்திருக்கேன் யக்கா. அதை இப்ப யார்கிட்டக் கொண்டுபோய்த் திருப்பிக் குடுக்க?"

அவள் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எண்ணெய் விட்டது அறியாமல் செய்தது. அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கேட்டது நாட்களைப் பற்றித்தான்.

மயில்சாமி மேஜைமேல் கை நீட்டினார். "ஸ்டோர் சாவிய இப்படி வைங்க அம்மிணி. ரப்பர் வர்றதுக்குள்ள ஓட்டிக்குங்கன்னு நானும் சொன்னேன், அது என்ற தப்பு. அதுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். முதல்ல அந்தப் பையன் ஊட்டுக்குப் போயி, இங்க சொன்னதை அங்க சொல்லுங்க. மத்தது அப்பறம் பேசிக்கலாம்."

ஆரோக்கியராஜும் கூட வந்தான். பஸ்ஸில் அவள் முன்னால் உட்கார, அவன் பின்படியில் நின்றான்.

திருமூர்த்தி தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தான். "ஏனுங்கக்கா, இன்னைக்கு ரெண்டு தரமா?" என்றவன், பின்னால் ஆரோக்கியராஜைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். நாகஜோதி உட்காரவில்லை. கடையில் சொன்னதையே சொன்னாள். இந்த முறை, பதினோரு நாளாகத் தெரியும் என்பதையும் கேட்காமலே சேர்த்துச் சொன்னாள்.

திருமூர்த்திக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. "அப்ப அண்ணன் நேத்து சொன்னது?"

"எல்லாரும் சொன்னாவ, நானும் நம்பிட்டேன்" என்றான் ஆரோக்கியராஜ்.

திருமூர்த்தி கையை நீட்டினான். ஆரோக்கியராஜ் கட்டில் ஓரமாக உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொண்டான். "நேத்து உங்க மூஞ்சியப் பாக்கப் புடிக்கலைங்கண்ணா, அதான் திரும்பல" என்றான் திருமூர்த்தி.

சத்யப்பிரியா சமையற்கட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நாகஜோதியைத்தான் பார்த்தாள்.

"அந்தக் குழம்பு, சூப்பு எல்லாம் இதுக்குத்தானுங்களா?"

"ஆரம்பத்துல அப்படித்தான்."

"அப்பறம்?"

நாகஜோதி யோசித்தாள். பொய் சொல்வது எளிது என்று தெரிந்திருந்தது. "அப்பறமும் அப்படித்தான்" என்றாள்.

சத்யப்பிரியா வாசலை விட்டு முன்னால் வந்தாள். "நாளையிலிருந்து வேண்டாமுங்க" என்றாள். குரலில் மரியாதை குறையவில்லை. "ஊட்டுல வந்து பாக்கறதுன்னா வாங்க. கையில ஒண்ணும் வேண்டாம்."

இருவரும் வெளியே வந்து பஸ்ஸுக்காக நின்றார்கள். எதிரே பட்டறை வாசலில் பளபளவென்று குடங்கள் காய்ந்துகொண்டிருந்தன. திங்கட்கிழமை ஊருக்குப் போகிறாயா என்று கேட்க அவளுக்கு நா எழவில்லை. வேலை தனக்கு இருக்கிறதா என்பதும் தெரியாது. அவன் ரோட்டைப் பார்த்தபடியே பேசினான்.

"பெங்களூர்ச் சரக்கு செவ்வாக்கிழமை வருதுன்னு அண்ணாச்சி சொன்னாரு."

"ம்."

"நீங்க ஸ்டோர்ல இருந்தாலும் சரி, வேற ஆளு இருந்தாலும் சரி, பாக்கெட்ட யாரும் பிரிக்காதிய. நானே வந்து பிரிச்சு மாட்டிக்கிடுதேன்."

"சரி" என்றாள் நாகஜோதி.

பஸ் வந்தது. கூட்டமாக இருந்தது. அவன் அவளை ஏறவிட்டுப் பின்னால் ஏறினான்.